மானின் விலாவில் ஒரு கட்டைவிரல்

கிளவுஸ் அக்காவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. ஆனால் அவளைப் பற்றி முழுசாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவளுடைய தம்பி. அவர் பேச ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்தில் அழுதுவிடுவார். இன்னொருத்தி நான். பழைய பொருட்களைப் பற்றி உள்ளது உள்ளபடி எழுதுவதுதான் என் பிழைப்பு. எங்கே உடைசல், எங்கே விரிசல், எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்று ஒன்றுவிடாமல் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் ஏலக் கம்பெனியின் முதல் விதி. பதினோரு வருஷம் அப்படி ஊரார் வீட்டுச் சாமானின் குறைகளை எழுதிச் சம்பளம் வாங்கிய நான், என் குறையை மட்டும் இரண்டு வருஷம் பூசி மெழுகி வைத்திருந்தேன். வெட்கக்கேடு. முதலிலேயே சொல்லிவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

அக்கா எங்களிடம் வேலை தேடி வரவில்லை. சாமானோடு சாமானாக வந்தாள். பெரிய மாளிகை ஒன்றில் கடைசிப் பெரியவர் போய்ச் சேர்ந்ததும், வாரிசுகள் கட்டடத்தைப் பூட்டிவிட்டு, சாப்பாட்டு மேஜை வெள்ளி மொத்தத்தையும் பெட்டி பெட்டியாக ஏலத்துக்கு அனுப்பினார்கள். அந்த லாரியின் முன் சீட்டில் மடியில் ஒரு கைப்பையோடு அவள் உட்கார்ந்திருந்தாள். பெட்டிகளைத் திறந்தால் மூடிகள் ஒரு பக்கம், பாத்திரங்கள் ஒரு பக்கம். எது எதற்கு என்று தெரியாமல் முதலாளி தலையைப் பிய்த்துக்கொண்டார். அக்கா பையிலிருந்து வெள்ளைத் துணிக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, அரை மணி நேரத்தில் நாற்பது மூடியையும் அதனதன் பாத்திரத்தில் உட்கார வைத்தாள்.

"ஒண்ணு மாறினாலும் மூடாதுங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிடிவாதம்" என்றாள்.

முதலாளி அன்றைக்கே அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டார். கையுறை இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை என்பதால் கிளவுஸ் அக்கா என்று பெயர் வந்தது. பெயர் வைத்தவள் நான்தான். பதிலுக்கு அவள் என்னைப் பட்டியல் என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

பத்தொன்பது வயதில் அந்த மாளிகையின் வெள்ளி அறைக்குள் போனவள் அவள். ஜன்னல் இல்லாத அறை. சுவர் முழுக்க இழுப்பறைகள், உள்ளே பச்சைக் கம்பளித் துணி. இருபத்தெட்டு வருஷம் அங்கே துலக்கினாள். அந்த வீட்டாரைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தால் எங்களுக்கு வேலை ஓடாது. "மீனுக்கு ஒரு முள்கரண்டி, பழத்துக்கு ஒரு முள்கரண்டி. திராட்சைக் காம்பை வெட்ட வெள்ளியில ஒரு கத்தரிக்கோல். பல்லு எதுக்கு இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாது" என்பாள். அந்த வீட்டு அம்மாள் தினமும் ஏதாவது ஒரு தட்டின் அடியில் விரலை ஓட்டிப் பார்ப்பாராம். மேலே பார்ப்பது விருந்தாளி, அடியில் பார்ப்பதுதான் முதலாளி என்பது அக்காவின் கணக்கு. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று ஒரு தடவை கேட்டேன். "எனக்கு முந்நூறு ஸ்பூன் இருந்துச்சு. அதுக்கு மேல ஒரு ஆளையும் தேச்சுக் கழுவணுமா?" என்றாள்.

வெறும் கையால் யாராவது வெள்ளியைத் தொட்டால் மட்டும் அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கையில் இருக்கிற வியர்வையும் உப்பும் வெள்ளியில் இறங்கிவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் காத்திருந்து, ரேகை ரேகையாகக் கறுத்து எழும்பும். "திருடன் கூட ஓடிப்போயிடுவான்டி, விரல் ஓடாது" என்று என் கையைத் தட்டிவிடுவாள். வெளியே சிரித்துவிட்டு உள்ளுக்குள் எரிச்சல்படுவேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அவள்மேல் பொறாமை. முதலாளிக்கு எதற்கெடுத்தாலும் அக்கா. அக்கா கை பட்டால் போதும், அக்காவைக் கேட்டியா, அக்கா என்ன சொன்னாங்க. என்னிடம் பேசினால் ஒன்று தேதி தப்பாக இருக்கும், இல்லை எழுத்துப்பிழை இருக்கும்.

அந்த மாளிகைச் சாமான்களை ஏழு வருஷமாக ஏலத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். வாரிசுகளுக்குள் சண்டை, அதனால் எல்லாமே இழுவை. கடைசியில் வந்தது மான் மரம். விருந்து மேஜையின் நடுவில் நிற்க வைப்பதற்கென்றே செய்த அலங்காரம். என் இடுப்பு உயரத்துக்கு ஒரு வெள்ளி மரம், கிளைகளில் பழம் வைக்கச் சின்னச் சின்னக் கிண்ணங்கள், மரத்தடியில் பூனை அளவுக்கு ஒரு மான். யாரோ கூப்பிட்டது போல அது தலையைத் திருப்பிப் பார்க்கும். அதன் உடம்பு முழுக்க மயிரிழை மயிரிழையாகக் கோடு செதுக்கியிருந்தார்கள். நூற்றைம்பது வருஷத்துக் கறுப்பு அந்தக் கோடுகளுக்குள் தங்கியிருந்தது. மேடுகள் மினுங்க, பள்ளங்கள் கறுத்திருக்க, அது இப்போதுதான் மூச்சு விட்டது போல நிற்கும். அக்கா அதற்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்டாள். பஞ்சுக் குச்சியால் மேட்டை மட்டும் துலக்கினாள்.

எங்கள் பட்டறை மேஜையில் டிப் என்று ஒரு தொட்டி உண்டு. கறுத்த வெள்ளியை முக்கினால் நொடியில் வெளுக்க வைக்கும் மருந்துத் தண்ணீர். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். மலிவான ஓட்டல் ஸ்பூன், முள்கரண்டிக்கு மட்டும்தான் அக்கா அதைத் திறப்பாள். அன்று காலை அப்படி ஒரு குவியலை முக்கி எடுத்துவிட்டு, மானை மரத்திலிருந்து கழற்றி அதன் திருகாணிகளுக்கு எண்ணெய் போட்டாள். மதியம் கண் டாக்டரிடம் போக வேண்டும் என்று, மானைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே துணிமேல் படுக்க வைத்துவிட்டுக் கிளம்பினாள். போட்டோ எடுப்பவர் மறுநாள்தான் வருவதாக இருந்தது. வேறு வேலை ரத்தானதால் அன்றைக்கே வந்து நின்றார். முதலாளி வெளியே போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன்.

மானைப் பார்த்தேன். கோடுகளுக்குள் கறுப்பு. அக்கா முடிக்காமல் போய்விட்டாள் என்று நினைத்தேன். ஒன்பது வருஷமாக வெள்ளியைப் பற்றி எழுதுகிறவள், அந்தக் கறுப்புதான் மானுக்கு உயிர் என்று எனக்குத் தெரியவில்லை. என் பட்டியல்களில் அதற்கு நான் எழுதி வந்த சொல், அழுக்கு. அக்காவுக்கு ஒரு மாதம் ஆகியும் முடியாததை நான் ஒரு நிமிஷத்தில் முடித்தேன் என்று முதலாளியிடம் சொல்ல வேண்டும். அந்த அற்ப ஆசைதான். வெறும் கையால் மானைத் தூக்கித் தொட்டிக்குள் விட்டேன்.

வெளியே எடுத்தபோது சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தது. கோடு தெரியவில்லை, கண் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கிற தலை மட்டும் இருந்தது, பார்வை இல்லை. கழுவினேன், துடைத்தேன், தேய்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. மரத்தில் திருகிவிட்டேன். போட்டோக்காரர் நாலு படம் எடுத்துவிட்டு, "என்னங்க, எவர்சில்வர் பொம்மை மாதிரி இருக்கு?" என்று கேட்டார். லைட் அப்படி என்றேன்.

மறுநாள் காலையில் முதலாளி மானைப் பார்த்தார். அவர் கத்தக்கூட இல்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"யார் இதை டிப்ல போட்டது?"

"நான் போடலீங்க" என்றாள் அக்கா. அப்போதுதான் உள்ளே வந்திருந்தாள், செருப்புகூடக் கழற்றவில்லை.

"தொட்டியைத் திறந்தது?"

"நான்தாங்க. ஸ்பூனுக்கு."

"மானைக் கழட்டிப் பக்கத்துல வச்சது?"

"அதுவும் நான்தான். ஆனா போடலீங்க. இதைப் போடுவேனா நான்?"

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீதானே போட்டோவுக்கு மாட்டினே? மாட்டும்போது எப்படி இருந்துச்சு?"

ஒரே ஒரு வார்த்தையில் தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்கும், அவ்வளவுதான். அதை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னேன்.

"வெளுத்துத்தான் சார் இருந்துச்சு."

அக்கா என்னைப் பார்த்தாள். என்னைச் சந்தேகப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் சந்தேகப்படவில்லை.

"நிஜமாவா பட்டியல்? நல்லா ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா."

அவள் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தாள். "அப்போ நான்தான் போட்டிருப்பேன்" என்றாள்.

முதலாளி நல்ல மனுஷர். திட்டவில்லை. "வயசாகுதுல்லக்கா, கண்ணும் சரியில்ல, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க" என்றார். அவர் திட்டியிருந்தால் அக்கா திருப்பிக் கொடுத்திருப்பாள். அவர் இரக்கப்படவும், மாட்டிக்கொள்ள எடுத்த கையுறையை மடித்துப் பைக்குள் வைத்தாள். "இனிமே நான் எதையும் தொட வேண்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். வாசல் வரை நான் கூடப் போனேன். பஸ் ஏற்றியும் விட்டேன். திருடியவனே வீட்டுக்காரரைத் தேற்றின கதைதான்.

மானை ஏலத்திலிருந்து எடுத்துவிட்டோம். வாரிசுகளின் சண்டையில் அது கிடங்கிலேயே கிடந்தது. எட்டு மாதம் கழித்து இருப்பு சரிபார்க்கும்போது துணியைப் பிரித்தேன். சுண்ணாம்பு வெளுப்பான மானின் விலாவில், கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. ரேகையின் குறுக்கே நேராக ஒரு கோடு. என் வலது கட்டைவிரலைப் பார்த்தேன். பார்சல் பிரிக்கும்போது பிளேடு கிழித்த பழைய தழும்பு, அதே இடத்தில், அதே சாய்வில்.

கையில் துணி இருந்தது. நாலு தேய்ப்பில் போய்விடும். தேய்க்கவில்லை. அதை நல்ல மனசு என்று நினைத்துவிட வேண்டாம். யாரோ கூப்பிட்டார்கள், சுற்றி வைத்துவிட்டுப் போனேன். அப்புறம் அந்த அலமாரிப் பக்கமே போகவில்லை. அக்கா பாவம் உழைத்தது போதும், வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள், ஒரு வகையில் நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பொய் எனக்குப் போதுமானதாக இருந்தது.

போன மாதம் மருந்துக் கடை வரிசையில் அவள் தம்பியைப் பார்த்தேன். அக்கா எப்படி இருக்காங்க என்று சும்மா கேட்டுவைத்தேன்.

"என்னத்தச் சொல்ல" என்றார் அவர். "மூணு டாக்டர் பாத்தாச்சும்மா. தலையில படம் எடுத்தாச்சு. ஞாபக மறதி ஒண்ணும் இல்லைங்கறாங்க. இவ நம்ப மாட்டேங்கறா. மானைப் போட்டதே எனக்கு ஞாபகம் இல்லையே, அடுத்து எதை மறப்பேனோன்னு பயம். அடுப்பு பத்த வைக்க மாட்டா. கதவைப் பூட்டிட்டு மூணு தடவை என்னைப் பாக்கச் சொல்றா. சாப்பிட்டேனாடான்னு என்கிட்ட கேக்கறா. எங்கக்காம்மா. முந்நூறு ஸ்பூனையும் கண்ணை மூடிட்டுச் சொல்றவ." மூன்றாவது வாக்கியம் தாண்டியிருந்தது. வரிசையில் நின்றபடியே அழுதார்.

நான் அவளுடைய வேலையைத்தான் பறித்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வாங்க வந்த மாத்திரையை வாங்காமலே நேராகக் கம்பெனிக்குப் போய், முதலாளி முன்னால் நின்று, டிப்பில் விட்டது, ரேகை எழும்பியது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கட்டைவிரலைப் பார்த்தார்.

"உன்னை என்ன பண்றதுன்னு அப்புறம் பாக்கறேன். முதல்ல போய் அவங்ககிட்ட சொல்லு."

"மானை எடுத்துட்டுப் போகட்டுமா சார்?"

"எடுத்துட்டுப் போ. இனிமே அதுல கெடறதுக்கு என்ன இருக்கு" என்றார்.

அக்காவின் வீடு மூன்றாவது மாடியில். தம்பிதான் கதவைத் திறந்தார். உள்ளே போனதும் கண்ணில் பட்டவை சுவரில் ஒட்டியிருந்த சீட்டுகள். 'அடுப்பு: தம்பி மட்டும்.' 'குழாய் மூடியாச்சா?' 'பூட்டு: தம்பியைக் கேள்.' எல்லாம் அக்காவின் கையெழுத்து. அவள் ஜன்னலோரம் கைகளை மடியில் வைத்து, ரயிலுக்குக் காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர். கண்ணாடி டம்ளரை அவள் தொடுவதில்லையாம்.

"வா பட்டியல். இளைச்சுட்டே" என்றாள்.

உட்காராமல் சொன்னேன். "அக்கா, மானை டிப்ல போட்டது நான். நீங்க இல்ல. அன்னிக்கு சார்கிட்ட நான் சொன்னது பொய்."

நான் எதிர்பார்த்தது அடி, இல்லை அழுகை. அவள் சிரித்தாள்.

"இவன் சொல்லிக் கூட்டிட்டு வந்தானா? எனக்கு ஆறுதலா இருக்கும்னு ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா? வேண்டாம்டி. எனக்கு வந்ததை நான் பாத்துக்கறேன்."

இது எனக்குத் தோன்றவே இல்லை. என் பொய்யை ஒரே தடவையில் நம்பியவள், உண்மையை நம்ப மறுத்தாள். கூனிக் குறுகிப் போய், பையிலிருந்து மானை எடுத்துத் துணியைப் பிரித்து, அவள் எதிரில் உட்கார்ந்து நீட்டினேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள். தம்பி உள்ளே போய், பழைய கைப்பையிலிருந்து வெள்ளைக் கையுறையைக் கொண்டுவந்து கொடுத்தார். மாட்டிக்கொள்ள அவளுக்கு நேரமாயிற்று. மாட்டியதும் விரல்கள் தாமாகவே வேலைக்கு வந்தன. மானை வாங்கி, முதலில் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். அப்புறம் வெளிச்சத்தில் விலாவைத் திருப்பினாள்.

"வெறும் கை" என்றாள். அப்புறம், "கோடு என்னது?"

கட்டைவிரலை நீட்டினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து, என் விரலை அந்த ரேகைக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு மூடியையும் பாத்திரத்தையும் பார்ப்பது போலப் பார்த்தாள். அதையும் இதையும். மறுபடி அதையும் இதையும். பிடி இறுகியது. வலித்தது, நான் இழுத்துக்கொள்ளவில்லை.

"இது எப்போ எழும்புச்சு?"

"நான் பாத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுக்கா."

கையை விட்டுவிட்டாள்.

"டாக்டர் ஒண்ணும் இல்லைன்னார். அவரை நம்பல. இவன் ஒண்ணும் இல்லக்கான்னு தினமும் சொல்வான். இவனை நம்பல. என் கை, முப்பத்தஞ்சு வருஷக் கை, அதையே நான் நம்பல. உன்னை நம்பினேன்டி. நீ பாத்தேன்னு சொன்னியே, அதை நம்பினேன்."

மன்னிப்புக் கேட்க வார்த்தைகளைப் பஸ்ஸிலேயே தயார் செய்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, அசட்டுத்தனமாக, "துடைச்சிடட்டுமாக்கா?" என்று கேட்டு ஜன்னலோரத் துணியை எடுக்கப் போனேன்.

"தொடாதே" என்றாள். "நீ எதையும் தொடாதே."

மானை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். சமையலறைச் சுவரில் இருந்த சீட்டைக் கிழித்தாள். கையுறையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு தீப்பெட்டியை எடுத்தாள். தம்பி பதறி எழுந்தார்.

"உக்காருடா" என்றாள் அவள்.

முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது பற்றியது. தண்ணீர் கொதிக்கிற வரை அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேல் தட்டிலிருந்து கண்ணாடி டம்ளர்களை இறக்கி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, டீயை ஊற்றினாள். இரண்டு டம்ளர். தம்பிக்கு ஒன்று கொடுத்தாள், இன்னொன்றை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எனக்கு இல்லை. கேட்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை. தம்பி டீயைக் குடிக்காமல் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே அழுதார்.

"போய்ட்டு வரேன்க்கா" என்று எழுந்தேன்.

வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. எழுந்து வந்து, எனக்குப் பின்னால் கதவைச் சாத்தினாள். மானை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாலு படி இறங்கி நின்றேன். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் ஒரே ஒரு தடவை கேட்டது. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன். பூட்டியாச்சா என்று அவள் யாரையும் கேட்கவில்லை.